மழை அணைக்காத நெருப்பு: பெர்கனில் ஜனவரி

வியாழன்

ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ரயிலில் ஆறரை மணி நேரத்துக்கு மேல். குளிர்காலத்தில் இந்த ரயிலை விட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. 1909-இல் திறந்த பாதை இது. ஓஸ்லோவைத் தாண்டியதும் பைன் காடு, உறைந்த ஏரி, சிவப்பு மரவீடு என்று மாறி மாறி வந்தது. பிறகு மரங்கள் குட்டையாகி, ஒரு கட்டத்தில் மரமே இல்லாமல் போனது. ஜன்னலில் மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. பனிச்சரிவிலிருந்து தண்டவாளத்தைக் காக்க மரப்பலகையால் கூரை போட்ட பகுதிகளுக்குள் ரயில் புகுந்து புகுந்து வெளியே வந்தது.

ஃபின்ஸே நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நார்வேயில் இதைவிட உயரமான ரயில் நிலையம் இல்லை. பொதுச் சாலை எதுவும் இங்கே வருவதில்லை. வந்தால் ரயிலில் வர வேண்டும், அல்லது பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். ஷாக்கிள்டன் தன் தென்துருவப் பயணத்துக்கான சாதனங்களை 1914-இல் சோதித்துப் பார்த்தது இங்கேதான். எங்கள் பெட்டியிலிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையோடும் நாயோடும் இறங்கி, நம் ஊரில் கடற்கரைக்குப் போகிற முகபாவத்தோடு அந்த வெள்ளைக்குள் நடந்து மறைந்தது.

அங்கிருந்து பாதை இறங்கத் தொடங்குகிறது. வோஸ் தாண்டும்போது பனி ஈரப்பனியானது, ஈரப்பனி மழையானது. பெர்கனில் ஐந்து மணிக்கு இறங்கியபோது நள்ளிரவு போல இருட்டு, கொட்டும் மழை. அறுபது டிகிரி வடக்கில் இருக்கிற ஊரில் ஜனவரியில் மழையா என்று கேட்கலாம். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் இந்தக் கரையைத் தடவிக்கொண்டு போவதால், இந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கிறது. அந்தக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் கொட்டுகிறது. ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னைக்கு வருவது ஏறத்தாழ 1,400. ஆனால் சென்னை தன் பங்கைச் சில வாரங்களில் வாங்கி முடித்துவிடும். பெர்கன் ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் தவணை முறையில் வாங்குகிறது. 2006 அக்டோபர் இறுதியிலிருந்து 2007 ஜனவரி வரை தொடர்ந்து 85 நாள் மழை பெய்ததை இந்த ஊர்க்காரர்கள் கிரிக்கெட் சாதனை போலச் சொல்கிறார்கள்.

அக்கா மகன் இங்கே பல்கலைக்கழகத்தில் கடலும் வானிலையும் சார்ந்த முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறான். ரப்பர் பூட்ஸோடு நிலையத்தில் நின்றான். "மாமா, குடையைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அதோ பாருங்கள்" என்று குப்பைத்தொட்டியைக் காட்டினான். கம்பி முறிந்த குடைகள் இரண்டு அதில் தலைகீழாகக் கிடந்தன. இங்கே மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கவாட்டிலும் வரும். தொப்பி வைத்த மழைச்சட்டைதான் இங்கே உடை. பள்ளிப் பிள்ளைகள், வங்கி அதிகாரிகள், கிழவிகள் எல்லோரும் அதில்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு ராஸ்பபால். துருவிய உருளைக்கிழங்கில் மாவு பிசைந்து வேகவைத்த உருண்டை. கூடவே உப்பிட்ட ஆட்டிறைச்சியும் ஒரு வகைக் கிழங்கு மசியலும். மேற்கு நார்வேயில் வியாழன் என்றால் இதுதான் என்பதால் நான் வியாழக்கிழமை வந்ததைப் பாராட்டினார்கள். இரண்டாவது உருண்டைக்குப் பிறகு எழுந்து நடப்பதே பெரிய காரியமாக இருந்தது.

வெள்ளி

ஒன்பது மணிக்குத்தான் வெளிச்சம் வந்தது. வெளிச்சம் என்று சொல்வதும் தாராளம்தான். நேரே ப்ரிக்கனுக்குப் போனோம்.

துறைமுகத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் மரவீடுகளின் முகப்புகளை எல்லா நாட்காட்டிகளிலும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, காவி, வெள்ளை, கூரான கூரை. 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். படத்தில் பிடிபடாதது முகப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு முகப்புக்கும் இடையே ஓர் ஆள் அகலச் சந்து உள்ளே போகிறது. இருபுறமும் மரக்கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீள, மாடியிலிருந்து மாடிக்கு மரத்தாழ்வாரங்கள் ஓடுகின்றன. காலுக்கடியில் பலகை, தலைக்கு மேல் பலகை, சுவரில் சாய்ந்தால் பலகை. தாரும் ஈர மரமும் கலந்த வாசனை. இன்று எஞ்சியிருப்பவை 62 கட்டடங்கள்.

1360 வாக்கில் வட ஜெர்மானிய வணிகர்களின் ஹான்சா கூட்டமைப்பு இங்கே தன் அலுவலகத்தை அமைத்தது. 1754 வரை அது நீடித்தது. லூபெக்கிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் சிறுவர்கள் எடுபிடிகளாக வந்து, கணக்கராகி, வணிகராகி, ஊர் திரும்பினார்கள். இங்கே இருக்கும்வரை திருமணம் செய்துகொள்ளக் கூடாது. எடுபிடிகள் அலமாரி போன்ற படுக்கைகளில் அடைந்து கிடந்தார்கள். இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறொரு விதி. இந்த வீடுகளில் நெருப்பு மூட்டக் கூடாது. சமைக்கவும் கூடாது, குளிர்காயவும் கூடாது. ஜனவரியில், இந்த ஈரத்தில், கூடாது. சூடு வேண்டுமானால் பின்னால் தனியாகக் கட்டிய பொதுக்கூடங்களுக்குப் போக வேண்டும். அவற்றுக்கு ஷோட்ஸ்டுவ என்று பெயர். சாப்பாடு, பாடம், விசாரணை, தண்டனை, பீர் எல்லாம் குளிர்காலத்தில் அங்கேதான். அப்படி ஒரு கூடத்துக்குள் நின்று பார்த்தேன். நீண்ட மரமேசைகள், நடுவே பெரிய அடுப்பு. கணப்பு வைத்த ஹோட்டல் அறையிலிருந்து வந்தவனுக்கே கை விறைத்திருந்தது. பகலெல்லாம் கணக்கு எழுதிய பையனுக்கு இந்த அடுப்பு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

அவர்கள் பயந்ததில் தவறில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் நனையும் இந்த ஊர் 1198-இல் எரிந்தது. 1248-இல் எரிந்தது. 1476-இல் எரிந்தது. 1702-இல் நகரத்தின் பெரும்பகுதியே சாம்பலானது. இடையில் நான் சொல்லாமல் விட்ட தீகள் இன்னும் உண்டு. மரவீடு, தார் பூச்சு, நெருங்கிய சந்து, கடற்காற்று என்று நான்கும் சேர்ந்தால் மழை என்ன செய்யும்? ஒவ்வொரு முறையும் அதே மனை எல்லையில், அதே வடிவத்தில் திரும்பக் கட்டினார்கள். இப்போது நாம் பார்க்கும் ப்ரிக்கன் 1702-க்குப் பின் எழுந்ததுதான், ஆனால் வரைபடம் இடைக்காலத்தினுடையது.

கடைசிப் பெரிய தீ 1955 ஜூலையில். ப்ரிக்கனின் ஒரு பகுதி போனது. எரிந்த இடத்தைத் தோண்டிய தொல்லியலாளர்கள், ஆஸ்ப்யோர்ன் ஹெர்டெய்க் தலைமையில், ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். பழைய தீ ஒவ்வொன்றும் மண்ணில் ஒரு கரிப்படலம் விட்டுச் சென்றிருந்தது. எழுத்தில் பதிவான தீயின் ஆண்டுகளை அந்தக் கரிப்படலங்களோடு பொருத்தி, எந்தப் பொருள் எந்தக் காலத்தது என்று கணித்தார்கள். நாசம் செய்த நெருப்பே நாட்குறிப்பும் எழுதி வைத்திருக்கிறது. அங்கே கிடைத்தவை பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குச்சிகளில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் கீறிய 600-க்கும் மேற்பட்ட குறிப்புகள் அவற்றில் அடக்கம். இன்னாருடைய சரக்கு என்று காட்டும் சீட்டுகளும், மந்திரங்களும், காதலும் வசவும் அவற்றில் உண்டு. ஒரு குச்சியில், "நீ வீட்டுக்கு வா என்கிறாள் கீடா" என்று இருக்கிறது. மறுபக்கத்தில் பதில் எழுத முயன்றது போன்ற கீறல், படிக்க முடியவில்லை. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆள் எந்த நிலையில், எந்தக் கடையில் உட்கார்ந்திருந்தார் என்று ஊகிப்பதில் சிரமம் இல்லை.

இன்னொன்றையும் அக்கா மகன் காட்டினான். பலகைத் தரையை ஒட்டி, மழைநீர் மண்ணுக்குள் இறங்க வாய்க்காலும் புல்லும் கல்லுமாக ஓர் ஏற்பாடு. ப்ரிக்கனின் அடித்தளம் மரக்கட்டைகள். அவை நிற்பது பாறையில் இல்லை. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த குப்பை, சிராய், சாம்பல், எலும்பு எல்லாம் அழுந்திய பல மீட்டர் தடிமன் அடுக்கில் நிற்கின்றன. அந்த அடுக்கு நீரில் ஊறியிருக்கும்வரை காற்று புகாது, அழுகாது. பக்கத்தில் 1980-களின் தொடக்கத்தில் எழுந்த ஒரு ஹோட்டலின் நிலத்தடி வடிகால் அந்த நீரை இழுத்துவிட்டது. மண் காய்ந்தது, அடுக்கு அழுகத் தொடங்கியது, வீடுகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் அமிழ்ந்தன. காரணத்தைக் கண்டுபிடித்து, அண்மைக் காலத்தில்தான் வடிகாலைத் தடுத்து, மழையை மண்ணுக்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். நேற்று இரவு முழுக்க நான் சபித்த மழை இந்த வீடுகளைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இவ்வளவு கெடுபிடியும் எதற்காக? மீனுக்காக. அதுவும் காய்ந்த மீனுக்காக. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் பிப்ரவரியிலிருந்து காட் மீன் பிடித்து, தலையை நீக்கி, இரண்டிரண்டாக வாலைக் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்பு கிடையாது, சுள்ளென்ற வெயிலும் கிடையாது. உறைநிலையை ஒட்டிய குளிரும் காற்றும் மட்டும். குளிர் கூடினால் மீன் உறைந்து நாசமாகும், குறைந்தால் ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவே அங்கே சில மாதங்கள் கிடைக்கின்றன. நான்கைந்து கிலோ மீன் ஒரு கிலோ விறகாகிறது. நம் கருவாட்டுக்கு இது பங்காளி என்று சொல்லலாம், ஆனால் உப்பில்லாத பங்காளி. பெர்கனில் தொங்கவிட்டால் இந்த மழையில் அது காயவே காயாது. ஆக, ஐரோப்பாவின் ஈரமான ஊர்களில் ஒன்று, காய்ந்த சரக்கை விற்றே பணக்கார ஊரானது. வடக்கு மீனவர்களுக்குத் தானியத்தைக் கடனாகக் கொடுத்து, அடுத்த ஆண்டு மீனில் கழித்துக்கொள்வார்கள். கடன் ஒருபோதும் முழுதாகத் தீராது. ஹான்சா அலுவலகத்தின் சின்னத்தில் பாதி கழுகு, மறுபாதி முடிசூடிய காய்ந்த மீன். மீனுக்குக் கிரீடம் வைத்தவர்கள், அதைப் பிடித்தவனுக்கு என்ன வைத்தார்கள் என்பது சின்னத்தில் இல்லை.

மீன் அங்காடியில் ஒரு பொட்டலம் வாங்கிக் கொறித்துப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் அட்டை. பிறகு மெல்ல மெல்ல மீன் வருகிறது. இத்தாலியும் நைஜீரியாவும் இன்றும் இதற்குப் பெரிய வாடிக்கையாளர்கள். நைஜீரியர்கள் தலையையும் விடுவதில்லை. அந்த விஷயத்தில் அவர்கள் நம் கட்சி.

சனி

மதியம் வரை மழை விடவில்லை. விட்டதும் ஃப்ளோயன் மலைக்குக் கிளம்பினோம். 1918 முதல் ஓடும் கம்பிவட ரயில் சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. போகும்போது அதில் போய், வரும்போது நடந்தோம். ஈரப்பாறையில் நடக்கத் தெரியாதவர்கள் இதே வரிசையைப் பின்பற்றுவது நல்லது.

மேலிருந்து பார்த்தால் ஊரின் பயம் முழுவதும் தெரிகிறது. வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுகின்றன. திடீரென்று நடுவில் தேவைக்கு மிஞ்சிய அகலத்தில் ஒரு வெளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அல்மென்னிங் என்று இவற்றைச் சொல்கிறார்கள். தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவாமல் இருக்க விட்ட இடைவெளிகள். இப்போது அங்கே பெஞ்சும் காப்பிக்கடையும். 1916 ஜனவரியில் புயற்காற்று வீசிய ஓர் இரவில் தீப்பிடித்து நகர மையம் அழிந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பகுதியில் கல் கட்டடங்கள் வந்தன. நாம் கடைவீதி என்று உலாத்தும் இடம் முழுக்க அந்தத் தீ வரைந்த படம்.

இறங்கும் வழியில் ஸ்கான்சன் என்ற இடத்தில் வெள்ளை மரத்தால் ஆன குட்டித் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. 1903-இல் கட்டியது. இப்போது வேலையில் இல்லை. ஊர் முழுவதும் அதன் காலடியில் விரிகிறது. புகை எங்கே கிளம்பினாலும் தெரியும். அதற்குக் கீழே தொடங்கும் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டும். வீடுகளின் ஜன்னலில் எல்லாம் விளக்கு. திரைச்சீலை போடுகிற வழக்கம் குறைவு என்பதால் பிறர் வீட்டுச் சோபாவையும் புத்தக அலமாரியையும் மனதாரப் பார்த்துக்கொண்டே இறங்கலாம்.

1944 ஏப்ரல் 20-ஆம் தேதி, நாடு ஜெர்மானியரின் பிடியில் இருந்தபோது, வெடிமருந்து ஏற்றிய ஃபோர்போட என்ற டச்சுக் கப்பல் இந்தத் துறைமுகத்திலேயே வெடித்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அரசர் ஹோகன் கட்டிய 13-ஆம் நூற்றாண்டு மண்டபத்தின் கூரை போயிற்று. ப்ரிக்கனின் கூரைகள் பெயர்ந்தன. கப்பலின் நங்கூரம் பறந்து மலையில் விழுந்தது. அதை அங்கேயே வைத்திருக்கிறார்கள். ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருட்டு மூன்றரைக்கே மிரட்டத் தொடங்கியது. ஆசையை அடக்கிக்கொண்டேன்.

மாலையில் அக்கா மகன் வழக்கமாக மளிகை வாங்கும் தமிழ்க் கடைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயதிருக்கும். முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டதும், "விலையைக் கேட்காதையுங்கோ தம்பி, எடுத்துச் சமையுங்கோ" என்று சிரித்தார். எண்பதுகளின் இறுதியில் வந்தவர். முதல் வேலை வடகோடியில், ஃபின்மார்க்கில், ஒரு மீன் பதனிடும் ஆலையில். அந்தக் காலத்தில் வந்த ஈழத்தமிழர் பலர் அங்கேதான் தொடங்கினார்கள். உள்ளூர் இளைஞர்கள் விட்டுப்போன கத்தியை இவர்கள் பிடித்தார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர். "அங்கே இருந்துவிட்டு வந்தவனுக்கு இந்த மழை ஒரு மழையோ?" என்று கேட்டார்.

நார்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான கதையில் மீன் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1956-இல் நார்வேக்கு வந்த அந்தோனி இராஜேந்திரம், நார்வே நண்பர்களின் உதவியோடு பின்னர் யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' என்ற மீன்பிடித் தொழில் முயற்சியைத் தொடங்கினார். காரைநகரில் அதன் படகு கட்டும் தளம் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். பிறகு அரை மணி நேரம் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். கிளம்பும்போது ஒரு கட்டுக் கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் பைக்குள் போட்டார். இந்த ஊர் விலைவாசியில் அது சின்ன அன்பளிப்பு இல்லை.

ஞாயிறு

கடைகள் மூடியிருந்தன. மழை மூடவில்லை. இந்த இரண்டுக்கும் இந்த ஊர் கண்டுபிடித்த விடையில் ஒன்று குகைப்பாதை. லோவ்ஸ்டாக்கன் மலையைக் குடைந்து, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமென்று 2.9 கிலோமீட்டர் நீளத்தில் ஒன்று 2023-இல் திறந்தார்கள். இதற்கென்றே கட்டியவற்றில் உலகிலேயே நீளமானது. புதிய டிராம் பாதைக்காக மலையைக் குடைந்தபோது, அவசர வழிக்கு எப்படியும் இன்னொரு குகை வேண்டியிருந்தது. அதை மக்கள் நடக்க விட்டுவிட்டார்கள். உள்ளே வண்ண விளக்குகள், சைக்கிளுக்குத் தனித் தடம், ஓடுகிறவர்கள், தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தைகள். ஊரே மலையின் வயிற்றுக்குள் காலை நடை போய்க்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு முறை போவேனா என்றால், வெளியே புயல் அடித்தால் போவேன்.

திங்கள்

வானம் திறந்துவிட்டது. ஒரு மேகம் இல்லை, காற்று இல்லை, தரையில் பளபளக்கும் உறைபனி. எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் விழாநாள் முகத்தோடு இருந்தார்கள். அக்கா மகன் மட்டும், "இப்படியே நான்கு நாள் இருந்தால் மூச்சு முட்டும், மாமா" என்றான். காற்று அசையாத இத்தகைய குளிர்நாளில், மலைகளுக்கு நடுவே கனத்த குளிர்காற்று தங்கிவிடுகிறது. மேலே சற்று வெப்பமான காற்று மூடி போட்டுவிடுகிறது. வண்டிப் புகை வெளியேற வழியில்லை. மிகவும் மோசமானால், பதிவெண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துக் கார்களைக்கூடத் தடுத்திருக்கிறார்கள். மழை இந்த ஊரை நனைப்பதோடு கழுவியும் விடுகிறது.

அவனுடைய புவி இயற்பியல் நிலையத்துக்குப் போனோம். 1928-இல் கட்டிய கோபுரக் கட்டடம். பொழுதுபோக்கும் பயணிகள் இங்கே வருவதில்லை. எனக்கோ ப்ரிக்கனுக்கு அடுத்தபடியாக இந்த ஊரில் பிடித்துப்போன இடம் இதுதான். வானிலை அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னஸ் 1917-இல் லைப்சிக்கிலிருந்து இங்கே வந்தார். முதல் உலகப்போர் நடக்கிறது. வானிலைத் தகவல் போர் ரகசியமாகிவிட்டதால் பிரிட்டனிலிருந்து தந்தி வருவது நின்றுவிட்டது. மேற்கிலிருந்து வரும் புயலை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. அறுவடை நனைந்தால் பஞ்சம். அவர் கடற்கரை நெடுகத் தீவுகளிலும் கலங்கரை விளக்கங்களிலும் வானத்தைப் பார்த்துத் தந்தியடிக்க ஆள்களை ஏற்பாடு செய்தார். 1918 கோடையில் விவசாயிகளுக்கு முன்னறிவிப்பு வழங்கத் தொடங்கினார்கள். தகவல் நெருக்கமாக வந்தபோது ஒரு வடிவம் தெரிந்தது. குளிர்காற்றுத் திரளும் வெப்பக்காற்றுத் திரளும் ஒரு கோட்டில் மோதுகின்றன, மழை அந்தக் கோட்டில்தான் பிறக்கிறது. போர்ச்செய்திகளில் தினமும் படித்த போர்முனையின் பெயரையே, 'ஃப்ரன்ட்' என்று, அந்தக் கோட்டுக்கு வைத்தார்கள். இன்று உலகத்தின் எல்லா வானிலை வரைபடங்களிலும் பல்லும் அரைவட்டமுமாக ஓடும் கோடுகளுக்குப் பிறந்தகம் இந்த மழை ஊர்தான்.

வில்ஹெல்மின் மகன் யாக்கோப் பியர்க்னஸ் அந்தக் குழுவில் இருந்த இளைஞர். பின்னர் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். அங்கிருந்து 1969-இல், பசிபிக் கடலின் எல் நினோ வெப்பமும், அந்தக் கடலின் இரு கோடிகளுக்கிடையே காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும் ஊசலும் ஒரே இயக்கத்தின் இரண்டு முகங்கள் என்று விளக்கினார். அந்த ஊசலை அதற்கு முன்பே ஆராய்ந்தவர் கில்பர்ட் வாக்கர். இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்து, பருவமழை ஏன் பொய்க்கிறது என்று எண்களைத் துழாவியபோது கண்டவர். அவர் பெயரையே யாக்கோப் அந்த ஊசலோடு சேர்ந்த பசிபிக் காற்றுச் சுழற்சிக்கு இட்டார். எல் நினோ ஆண்டில் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகக் கிடைக்கிறது. 2015-இல் சென்னை மூழ்கியதும் அப்படி ஓர் ஆண்டில்தான். இதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிய அக்கா மகன், பள்ளியில் புவியியல் தேர்வுக்கு முந்தைய நாள் காய்ச்சல் வந்ததாகப் படுத்துக்கொண்டவன்.

மதியம், ரயில் நிலையத்துக்குப் போகும் மார்க்கன் தெருவை ஒட்டி இருக்கும் செயின்ட் யோர்கன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனேன். அருங்காட்சியகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்று தெரிந்தே போனேன். வெளியிலிருந்து பார்த்தால் மரக்கட்டடங்கள் சூழ்ந்த முற்றம், ஒரு தேவாலயம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே மருத்துவமனை இருந்தது. இப்போதைய கட்டடங்கள், நீங்கள் ஊகித்தபடி, 1702 தீக்குப் பிறகு கட்டியவை. கடைசி நோயாளிகள் இருவர் 1946-இல் இறந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேற்கு நார்வேயில் இந்த நோய் பரவலாக இருந்தது. ஐரோப்பாவிலேயே அதிகத் தொழுநோயாளிகள் திரண்டிருந்த நகரம் பெர்கன்.

அப்போது மருத்துவர்களிடையே செல்வாக்கோடு இருந்தவர் தானியல்சன். இது பரம்பரையாக வருவது என்று உறுதியாக நம்பினார். அதை நிரூபிக்க நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்ததைத் தன் உடலிலேயே செலுத்திக்கொண்டார். நோய் வரவில்லை. அவருடைய மருமகன் ஆர்மவர் ஹான்சன் அதற்கு எதிர்க்கட்சி. 1873-இல் நுண்ணோக்கியில் கோல் வடிவக் கிருமியைக் கண்டார். மனிதருக்கு நாட்பட்ட நோய் ஒன்றை உண்டாக்கும் கிருமியாக அடையாளம் கண்டவற்றில் இது மிக முந்தியது. செங்கல்பட்டிலும் காரிகிரியிலும் மருத்துவர்கள் ஹான்சன் நோய் என்று எழுதுவது இவர் பெயரைத்தான்.

ஆனால் கிருமிதான் காரணம் என்று மெய்ப்பிக்க அவருக்கு வழி கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் அது வளர மறுத்தது, விலங்குகளிலும் பிடிக்கவில்லை. 1879-இல், மருத்துவமனையிலிருந்த காரி நீல்ஸ்டாட்டர் என்ற பெண்ணின் கண்ணில், வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்ததைக் கத்தி முனையால் செலுத்தினார். அவளிடம் கேட்கவில்லை. அவள் புகார் செய்தாள். 1880-இல் நீதிமன்றம் ஹான்சனை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. ஏழை நோயாளி ஒருத்தி புகழ்பெற்ற மருத்துவரை எதிர்த்து நின்று வென்ற வழக்கு, அந்தக் காலத்தில்! ஆயினும் அரசின் தொழுநோய்த் தலைமை மருத்துவர் பதவி அவரிடமே இருந்தது. அதிலிருந்து அவர் உருவாக்கிய தனிமைப்படுத்தும் சட்டங்கள் நாட்டில் நோய் குறையக் காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்.

தண்டனை போதாது என்பது என் கட்சி. அந்தப் பதவியையும் பறித்திருந்தால் எத்தனை பேருக்கு நோய் தொற்றியிருக்கும் என்பது அக்கா மகனின் கட்சி. அவளைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்றேன். கேட்டிருந்தால் அவள் மறுத்திருப்பாள் என்றான். அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றேன். இலவங்கப்பட்டை மணக்கும் ஒரு ரொட்டிச்சுருளைப் பிய்த்துத் தின்றபடி நிலையத்து வாசலில் இந்த வழக்கை மறுபடி நடத்தினோம். ஓஸ்லோவுக்கு இரவு ரயில். படுக்கை எல்லாம் தீர்ந்துவிட்டது; சாய்வு இருக்கைதான் கிடைத்தது. நாளை மாலைக்குள் மழை திரும்பும் என்று தன் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னான். சொன்னவர்கள் யாருடைய பள்ளிப் பிள்ளைகள் என்று தெரிந்ததால் நம்பினேன்.